முழுப் பேர்

வேலை நாளில் நான் பூ வைப்பதில்லை.
சந்தன சோப் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை,
காலையில் வெறும் ரொட்டி, சம்பல் கிடையாது.
"ஏன்டி, துக்க வீடா?" என்று கேட்கிற
கடைசி லயத்து இருதயமேரிக்கு
என்ன சொல்வது?
சம்பளம் என் மூக்குக்கு, அக்கா.

ஹப்புத்தளைக்கு மேலே, மூடிப்போன தேயிலை ஃபெக்டரி.
கொழுந்து வாட்டிய மாடியில் இப்போது
பீப்பாய்கள் படுத்திருக்கின்றன, முந்நூற்றுப் பன்னிரண்டு.
களுத்துறையில் வடித்த தென்னஞ்சாராயம்
லொறியில் வளைவு வளைவாக ஏறி வந்து
இந்தக் குளிரில் தூங்குகிறது.
பக்கத்து வரிசையில் விஸ்கி. அது இன்னும் குழந்தை.

ஆறு மாதம் போத்தல் கழுவினேன்.
ஒரு வருஷம் லேபல் ஒட்டினேன்.
ஒருநாள் கழுவ வந்த கிளாஸை மோந்துவிட்டு
"இந்தப் பீப்பாய்த் தக்கை பூத்திருக்கு" என்றேன்.
திறந்து பார்த்தார்கள்.
மறுநாள் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி.

வனிலா, தோல், புகையிலை என்று
அச்சடித்த அட்டையில் டிக் போடச் சொன்னார்கள்.
எனக்கு வந்ததெல்லாம் வேறு:
கவ்வாத்து வெட்டிய மறுநாள் மலை.
வெயிலில் காயும் படங்குச் சீலை.
மாவாட்டிக் கழுவிய கல்.
அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.
திலினி அதைச் சிங்களத்தில் சொன்னாள்,
கொழும்பில் யாரோ இங்கிலீசில் மாற்றினார்கள்.
போத்தலின் முதுகில் வந்து சேர்ந்தபோது
கவ்வாத்து, "மலைத் தென்றல்" ஆகியிருந்தது.
தென்றலாம்! இந்த மலையில் அடிக்கிற காற்றுக்கு!

மார்ச்சில் கணக்கர் வந்தார்.
வருஷப் பிறப்புக்கு முன் நாற்பத்தொன்றை இறக்கணும்,
பத்து வருஷம் ஆச்சே.
ஆகட்டும் சேர். நடுவில் ஒரு பச்சை இருக்கு, கடிக்குது.
"எவ்வளவு நாள்?"
எட்டு மாசம்.
"எழுதித் தருவியா?"
எழுதினேன். கை நடுங்கியது.
ப. கனகாம்பிகை. ஒரு புள்ளியும் விடாமல்.

கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும்
அம்மாவுக்கு அரைப் பேர்தான் விழும், செக்ரோலில்.
அவள் பேரே ராக்கு.
மூன்று எழுத்தில் எதை வெட்டிப்
பாதியாக்கினாரோ கணக்கப்பிள்ளை!

எட்டு மாசமும் வாரம் ஒருமுறை மாடி ஏறினேன்.
ஜன்னல் பலகையின் இடுக்கில் காற்று வரும்.
ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் குடித்துவிட்டு
பள்ளத்தாக்கில் இறங்கிப் போகும்.
அதை நிறுத்தி
அடையாள அட்டை கேட்டவர் இல்லை.

நவம்பரில் இறக்கினோம்.
டிசம்பரில் எல்லோருக்கும் நாற்பத்தொன்றில் ஒரு போத்தல்:
காவலாளிக்கு, கணக்கருக்கு,
வாழ்நாளில் தொட்டிராத ட்ரைவர் ரிஸ்மி நானாவுக்கும்.
பெண்கள் நாலு பேருக்கு
பிஸ்கட் டின்னும் குடையும்.
"சட்டம், மிஸ். பொம்பளைகளுக்குக் குடுத்தா வம்பு."

டின்னைத் திறந்து மோந்தேன்.
வெண்ணெய் என்று போட்டிருக்கு. மார்ஜரின்.
திலினி சிரித்த சிரிப்பில்
அவள் குடை தானாக விரிந்தது.

வேனில் இறங்கும்போது ரிஸ்மி நானா
தன் போத்தலை என் மடக்குக் குடைக்குள் செருகிவிட்டு
பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டார்.
பிள்ளைகள் தின்னும், என்றார்.

வீட்டில், விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒரு கிளாஸ், இரண்டு சொட்டுத் தண்ணீர்.
பச்சை போயிருந்தது.
கடி போய், கடித்த இடத்தில் ஒரு வெதுவெதுப்பு.
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரமோ.

திறந்தால்,
சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றி
உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் அம்மா.
பத்து வருஷம் எட்டு மாசம்!

"நல்ல சரக்குடி" என்றாள்.
"எலும்பு வரைக்கும் போகுது."